அதிகம் ஓடாத வண்டி

ஜூன் 3, செவ்வாய்

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது இவர் குண்டைத் தூக்கிப் போட்டார். நாங்கள் ஒரு பழைய கார் வாங்கப் போகிறோமாம்.

மே மாதம் கம்பெனி காரைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்தே ஏதாவது ஒன்று வாங்க வேண்டும் என்ற பேச்சு இருந்தது. பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜருக்கு இனிமேல் கார் கிடையாது, பாலிசி மாறிவிட்டது என்று சொல்லியிருந்தார். நான் மனதில் வைத்திருந்தது சாதுவான ஒரு வண்டி. இவர் சொல்வது ஜெர்மன்காரன் செய்த குட்டி வண்டி, டர்போ இன்ஜின், கையால் போடும் கியர். பார்க்க அடக்கமாக நிற்கும், மிதித்தால் பறக்கும். 'ஹாட் ஹேட்ச்' என்று வாயில் நீர் ஊற இவர் வருடக் கணக்காகப் பேசுகிற ஜாதி. ஐந்து வருடத்து வண்டி, ஓடியது பத்தாயிரம் கிலோமீட்டர் சொச்சம்தான் என்றார்.

அங்கேதான் என் காது நிமிர்ந்தது. நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைச் சுற்றி வந்து, எது தானாக உடைந்தது, எதை உடைத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், மிச்சம் எவ்வளவு தேறும் என்று ரிப்போர்ட் எழுதுவது என் பிழைப்பு. ஐந்து வருடத்தில் பத்தாயிரம் என்றால் ஒன்று மீட்டரைத் திருப்பியிருக்க வேண்டும், இல்லை வண்டிக்காரர் ஜெயிலில் இருந்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சந்தேகம் அடுத்த வார்த்தையில் வந்தது.

"நீ ஓட்டறதுக்குத்தான் சுகந்தி. காத்தால என்னைக் கம்பெனில விட்டுட்டு உன்ற வேலைக்குப் போயிரு."

எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஓட்டவும் தெரியும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து காரில் எனக்கு இடது சீட்தான். நான் கியரில் கை வைத்தால், தன் சட்டைப் பைக்குள் யாரோ கை விட்ட மாதிரி பதறுகிற மனிதர். அவருக்கு டிராபிக்கில் ஓட்ட அலுத்துவிட்டதாம். யார் மூலம் இந்த வண்டி தெரிந்தது என்று கேட்டேன். தெரிந்தவர் ஒருத்தர், போன வாரம்தான் பழக்கம் என்றார்.

நான் சந்தேகப் பிராணி இல்லை. சந்தேகப்படுவதற்கு எனக்குக் கூலி தருகிறார்கள், அவ்வளவுதான்.

ஜூன் 5, வியாழன்

பாதி மாவு அரைத்ததும் கரண்ட் போய்விட்டது. சாயங்காலம் இவருக்குக் கொண்டுவந்து வைத்த காபியைக் கையால் தட்டிவிட்டார். இடது பக்கம் வைத்திருந்தேன், தெரிந்தும் எங்கோ நினைவு. அப்படி என்ன யோசனை என்றதற்கு, வண்டியைப் பற்றித்தான் என்றார். தரை துடைத்தது நான்.

டிவி பார்க்கும்போது புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ரிமோட் என் மடியில் இருக்கிறது. இவர் கட்டைவிரல் மட்டும் எதையோ அழுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

வண்டியைப் பார்த்தோம். சாயிபாபா காலனியில் ஒரு வீடு. சொந்தக்காரர் பெயர் கோவர்த்தனன். மில்லில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வசந்தமணி. இரண்டு பேரும் நல்ல மாதிரி, அதுதான் உறுத்துகிறது. மோசடிப் பேர்வழிகள் யாரும் கெட்ட மாதிரியாக என்னிடம் வந்ததில்லை.

வண்டி மாதுளை நிறம். அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டேன். நான்கு டயரும் வண்டியோடு வந்தவை, பட்டன் வரிகள் தேயவே இல்லை. பிரேக் தட்டு வழவழப்பாக இருக்கிறது. இதையெல்லாம் பார்த்தால் பத்தாயிரம் நிஜம்தான். ஆனால் உள்ளே? டிரைவர் சீட்டின் ஓரம் உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கியிருக்கிறது. கியர் தலையில் எழுத்து பாதி அழிந்துவிட்டது. கிளட்ச் பெடல் ரப்பர் மழமழவென்று வழுக்குகிறது. லட்சம் ஓடிய டாக்ஸியில் பார்க்கிற தேய்மானம். வெளியே ஒரு வண்டி, உள்ளே இன்னொரு வண்டி.

கேட்டதற்கு கோவர்த்தனன், "பொழங்குன வண்டிதானுங்க அம்மிணி" என்று சிரித்தார். பதில் சொல்லாமல் பதில் சொல்வதில் கெட்டிக்காரர்.

இன்னும் இரண்டு விஷயம். வசந்தமணி காபி கொண்டுவந்தார். எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டவர், இவரைக் கேட்கவில்லை. இவருடைய டம்ளர் சர்க்கரை இல்லாமலே வந்தது. போன வாரம் பழக்கமானவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

இரண்டாவது, சாவி. கார் வாங்கப் போனால் சாவியை யாரிடம் நீட்டுவார்கள்? வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவள் நானாக இருந்தாலும் புருஷனிடம்தான். ஊர் உலகத்து வழக்கம் அது. கோவர்த்தனன் நேராக என்னிடம் நீட்டினார், "ஓட்டிப் பாருங்க அம்மிணி" என்று. இவரும் வாயைத் திறக்கவில்லை. கார் பைத்தியம், கைகட்டிக்கொண்டு இடது சீட்டில் போய் உட்கார்ந்தார். முன்னாலேயே பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

தடாகம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனேன். இரண்டாவது கியரில் மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஐயோ, என்ன வண்டி அது! எனக்கு இந்த வயதில் சிரிப்பு வந்துவிட்டது. இவர் இன்ஜின் சத்தத்தை வைத்தே "மூணு போடு", "இப்ப நாலு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஜூன் 10, செவ்வாய்

கணபதியில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் செல்வினை, ஸ்கேன் மிஷினோடு கோவர்த்தனன் வீட்டுக்கு அனுப்பினேன். என் ரிப்போர்ட் பாதி அவனுடைய பட்டறையில்தான் எழுதப்படும், அதனால் சொன்னால் கேட்பான். கோவர்த்தனன் தாராளமாகப் பார்க்கச் சொன்னாராம். தாராளம் என்றாலே எனக்கு ஆகாது.

செல்வின் போனில் சொன்னது குழப்பத்தை அதிகமாக்கிவிட்டது. இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் கிலோமீட்டரும் மீட்டரில் இருப்பதும் ஒன்றுதான். ஆனால் இன்ஜின் ஓடிய நேரம் எக்கச்சக்கம். அத்தனை நேரம் ஓடி இவ்வளவு தூரம்தான் போயிருக்கிறது என்றால், வண்டி ஐந்து வருடமாக மாட்டு வண்டியைவிட மெதுவாகப் போயிருக்க வேண்டும். தன் சர்வீஸில் இப்படிப் பார்த்ததில்லை என்றான்.

நான் பார்த்திருக்கிறேன். தூரத்தைத் திருப்பியவன் நேரத்தைத் திருப்ப மறந்துவிட்டான். ஆள் மாட்டிக்கொண்டார்.

ஜூன் 13, வெள்ளி

பிரிட்ஜைச் சுத்தம் செய்தேன். முட்டைத் தட்டில் ஒரு சொட்டு மருந்து புட்டி இருந்தது, லேபிளைக் கிழித்திருந்தது. கம்ப்யூட்டர் பார்த்துக் கண் எரிகிறது, அதற்குப் போடுகிறேன் என்றார். லேபிள் ஏன் கிழிந்தது என்றால், ஈரத்தில் கிழிந்திருக்கும் என்றார். ஈரத்தில் நைந்த கிழிசலுக்கும் நகத்தால் சுரண்டிய கிழிசலுக்கும் வித்தியாசம் தெரியாதவளிடம் சொல்ல வேண்டிய கதை.

இதையும் எழுதிவிடுகிறேன். இவர் இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்து என்னிடம் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறார். மார்ச் மாதம் கம்பெனி காரின் இடது மூலை நசுங்கி, கீறலோடு வந்தது. பார்க்கிங்கில் எவனோ இடித்துவிட்டுப் போய்விட்டான் என்றார். கீறலுக்குள் மஞ்சள் பெயிண்ட் இருந்தது. எங்கள் அபார்ட்மென்ட் தூண்களுக்கு அடித்திருக்கும் அதே மஞ்சள். நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நல்ல டிரைவருக்கு மானம் போகிற விஷயம், போகட்டும் என்று விட்டேன்.

இப்போது கோவர்த்தனனோடு சேர்ந்து எதையோ மறைக்கிறார். பால்கனிக்குப் போய் மெதுவாகப் போன் பேசுகிறார். கமிஷனா, வேறு ஏதாவது ஏற்பாடா, தெரியவில்லை. ஒரு வண்டி போனால் இன்னொரு வண்டி. ஆனால் பக்கத்தில் படுத்திருக்கிற மனிதர் என்னை ஏமாற்றுகிறார் என்று ஆகிவிட்டால் அதற்கு மேல் எனக்கு எதுவும் இல்லை. அதுதான் சோறு இறங்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கேட்டே விட்டேன். இன்ஜின் நேரம், பெடல், சீட் எல்லாவற்றையும் அடுக்கினேன். அந்த ஆள் மோசடிக்காரர், இந்த வண்டி வேண்டாம் என்றேன்.

"வண்டி சரியான வண்டி" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"அதான் எப்படிங்க?"

"எல்லாத்தையும் சந்தேகப்படாத சுகந்தி. ஒருக்கா என்னை நம்பேன்."

நம்புங்கள் என்று சொல்பவர்களை நம்பக் கூடாது என்பது என் தொழிலில் பாலபாடம். அதையே சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. இவர் எழுந்து அறைக்குப் போனார். போகும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். கோபத்தில் கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இடது தோள் கன்றிப் போய்விட்டது. நான் எண்ணெய் தேய்த்துவிடவில்லை. அவரும் கேட்கவில்லை.

மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பண்ணின வாழைப்பூ வடை வீண்.

ஜூன் 17, செவ்வாய்

செல்வின் பட்டறையில் ஒரு லாரி க்ளெய்ம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் அவன், உங்கள் வீட்டுக்காரரும் அந்தச் சிவப்பு வண்டிக்காரரும் நல்ல சிநேகிதமோ என்றான். ஏன் என்றேன். பொங்கல் முடிந்த சமயத்தில் அவிநாசி ரோட்டில் கண் ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தானாம். ஸ்கேன் மிஷினோடு போனபோதுதான் அந்த முகம் ஞாபகம் வந்ததாம்.

பொங்கல் எப்போது, போன வாரம் எப்போது! பொய் நம்பர் இரண்டு, கையும் களவுமாக.

டீக்கடை எதிரே ஆஸ்பத்திரி இருந்தால் என்ன, ஆட்டுச் சந்தை இருந்தால் என்ன. இவர்கள் ஜனவரியிலிருந்தே கூட்டு. அது போதும் எனக்கு.

ஜூன் 19, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அவசரமாக ஒரு வண்டி பார்க்க வேண்டும் என்று இவரிடம் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாயங்காலம் சாயிபாபா காலனிக்குப் போனேன். போன் பண்ணாமல் போனேன். எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனால் எதையும் பிடிக்க முடியாது.

கேட் சாத்தியிருந்தது. உள்ளே போர்ட்டிகோவில் வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் கோவர்த்தனன் உட்கார்ந்திருந்தார். பெல்ட் போட்டிருந்தார். எதிரே அவர் வீட்டுச் சுவர்தான், இரண்டு அடி தள்ளி. அவர் அதைப் பார்த்துக்கொண்டே கிளட்சை மிதித்தார், கியரை இறக்கினார், காலை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு மறுபடி மிதித்தார். வலது கை ஸ்டியரிங்கில் மெல்ல அசைந்தது.

எனக்கு முதலில் எதுவும் புரியவில்லை. வசந்தமணி வந்து கேட்டைத் திறந்தார். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"சித்த இருங்க அம்மிணி. வால்பாறைல இருந்து எறங்கிட்டிருக்காரு. ஆழியாறு வந்ததும் நிறுத்திருவாரு."

நான் நின்றேன். டார்ச் வைத்துத் தேடியதெல்லாம் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. சீட் அமுங்கியது, கியர் தலை அழிந்தது, பெடல் தேய்ந்தது, இன்ஜின் நேரம். வண்டி மூன்று வருடமாக இந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை, அவர் ஓட்டாத நாளும் இல்லை என்று வசந்தமணி சொன்னார். முதலில் வசந்தமணிக்குப் பயமாக இருந்ததாம். பிறகு, இன்றைக்கு எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம்.

கோவர்த்தனன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். பக்கத்தில் நின்ற என்னை அவருக்குத் தெரியவில்லை. நேர் எதிரே போய் நின்ற பிறகுதான், "அடடே, வாங்க" என்றார்.

கண்ணில் பிரஷராம். வண்டி வாங்கின இரண்டாவது வருடமே பார்வையின் வெளிவட்டம் முழுக்கப் போய்விட்டது, இப்போது சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் கொஞ்சம்தான் தெரிகிறது என்றார். சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே சார் என்று நான் கேட்டதும், முகம் மாறியது.

"உங்க வீட்டுக்காரரு தேவராஜ் சொல்லியிருப்பாருன்னு... அவரு உங்ககிட்ட இன்னும் ஒன்னும் சொல்லலீங்களா?"

வசந்தமணி அவர் கையைத் தொட்டார். விசாரணையில் நான் எப்போதும் செய்வது ஒன்று இருக்கிறது. தெரியும் என்று சொல்லிவிட வேண்டும். தெரியும் என்றால் மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

"சொன்னாருங்க" என்றேன்.

பெரியவர் ஒரு பெருமூச்சு விட்டார். மனதில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி கொட்டிவிட்டார். ஜனவரியில் ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கமாம். ஒரே மிஷினில் அடுத்தடுத்துத் தாடையை வைத்தவர்கள். உள்ளே எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும்.

"தெரியாட்டியும் அழுத்துவோமுங்க. நானும் அழுத்துனேன், அவரும் அழுத்துனாரு. மார்க் கொஞ்சம் கூட வரட்டும்னு. அந்த மிஷின் கண்டுபிடிச்சுப்போடுது, இந்த ஆளு பொய் சொல்றான்னு."

டிவி முன்னால் ஓயாமல் அழுத்துகிற கட்டைவிரல் எனக்குத் தெரிந்தது.

இவருக்கு இடது கண் ஏறக்குறையப் போய்விட்டது. வலதிலும் ஒரு ஓரம் இல்லை. மே மாதம் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன வாரமே, இவராகவே போய்க் கம்பெனி காரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பாலிசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோவர்த்தனன் இந்த வண்டியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தவர். ஓட்டப் போவது என் சம்சாரம், நன்றாக ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன் என்று இவர் சொன்ன பிறகுதான் மனது வந்ததாம்.

வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று இவரிடம் எத்தனையோ தடவை சொன்னாராம். இவர் சொன்ன பதிலைப் பெரியவர் அப்படியே சொன்னார்.

"'என்ற சம்சாரம் எதையும் ஒரு சுத்து சுத்தி வந்து எவ்வளவு தேறும்னு சொல்லிருவா சார். என்னையும் அப்படி ஒரு பார்வை பாத்துட்டான்னா என்னால தாங்க முடியாது'ன்னாருங்க."

காபி குடித்தேனா என்று நினைவில்லை. வரும் வழியில் சிக்னலில் நின்றபோது அழுகை வந்துவிட்டது. பச்சை விழுந்தும் நகரவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஹெல்மெட் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஜூன் 23, திங்கள்

மார்ச் மாதக் கீறல் இடது மூலை. காபி டம்ளர் இடது பக்கம். கன்றிய தோள் இடது தோள். எல்லாவற்றையும் நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன், பக்கத்தைப் புரட்டினால் இருக்கிறது. ஊரார் வண்டி இப்படி ஒரே பக்கம் அடிபட்டு வந்தால் டீ ஆறுவதற்குள் காரணம் சொல்லிவிடுவேன். பெரிய சர்வேயர்!

கோவர்த்தனனுக்குப் போன் போட்டு, இவர் சொல்லவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று உண்மையைச் சொன்னேன். நான் போனதை இவரிடம் சொல்ல மாட்டேன் என்றார் அவர்.

ஜூன் 26, வியாழன்

மூன்று நாளாகப் பேச்சுக்கு வாசலைத் திறந்து திறந்து வைக்கிறேன், இவர் உள்ளே வரவில்லை. கண் எரிச்சல் எப்படி இருக்கிறது என்றால், பரவாயில்லை என்கிறார். டாக்டரைப் பார்க்கலாமா என்றால், எதற்கு என்கிறார். டம்ளரை மட்டும் வலது பக்கம் வைக்கப் பழகிவிட்டேன். அதையும் கவனித்திருப்பாரோ என்று இப்போது அது ஒரு சந்தேகம்.

கோபமாக வருகிறது. நான் என்ன கசாப்புக் கடையா வைத்திருக்கிறேன், புருஷனை எடைபோட? பிறகு ஒர்க் ஷாப்களில் நான் ஒரு வண்டியைச் சுற்றிவரும் விதம் நினைவுக்கு வருகிறது. பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் சொந்தக்காரர் முகத்தை நான் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. இவர் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்.

நானாகக் கேட்க மாட்டேன். கேட்டால் அது விசாரணை ஆகிவிடும். வண்டியை வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏன் திடீரென்று சரி என்கிறாய் என்று என்னையே சந்தேகமாகக் கேட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

வண்டி கைக்கு வந்தது. கோயமுத்தூரில் எந்த வண்டி வாங்கினாலும் முதலில் ஈச்சனாரிப் பிள்ளையாரிடம்தான். நான் ஓட்டிக்கொண்டு போனேன்.

கோயில் முன்னால் குருக்கள் பொட்டு வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பழத்தின்மேல் வண்டியை ஏற்றி நசுக்க வேண்டும், திருஷ்டி கழிய. குருக்கள் தட்டிலிருந்து சாவியை எடுத்தார். ஊர் உலகத்து வழக்கப்படி இவரிடம் நீட்டினார், "சார், வண்டிய எடுங்கோ" என்று.

நான் கை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. சுற்றிலும் பத்து இருபது பேர், அடுத்த வண்டிக்காரர்கள். வண்டிக்கு இடது முன்பக்கம் பூக்கார அம்மா ஒருத்தி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். இவர் சாவியையே பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். மறுக்கக் காரணம் சொல்ல வேண்டுமே, அத்தனை பேர் முன்னால், என் முன்னால். கதவைத் திறந்து உட்கார்ந்தார். இன்ஜினைப் போட்டார். கண்ணாடியைத் திருத்துகிற மாதிரி கை போனது, பாதியில் நின்றது. முகத்தில் அப்படி ஒரு வியர்வை.

நான் சுற்றிப் போய் இடது கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். கண்ணாடியை இறக்கி, பூக்கார அம்மாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன். அவள் கூடையை நகர்த்தினாள்.

"இடது பக்கம் நான் பாத்துக்கறேன். நீங்க எடுங்க."

இவர் என் பக்கம் திரும்பினார். முகம் முழுவதையும் திருப்பினார், அப்போதுதான் நான் தெரிவேன் என்று எனக்கு இப்போது தெரியும். உதடு ஒரு மாதிரி கோணியது. குருக்கள் வெளியே நல்ல நேரம் போகிறது என்றார்.

கிளட்சை விட்டார். எத்தனை வருடத்துக் கை, துளி குலுங்கவில்லை. வண்டி ஒரு முழம் போனது. எலுமிச்சம்பழம் நசுங்கின சத்தம் எனக்குக் கேட்டது. இடது பக்கம் ஒன்றும் இல்லை, வரலாம், வரலாம், போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார். பிறகு இறங்கி, பானெட்டின்மேல் கை வைத்தபடியே சுற்றி வந்து என் கதவைத் திறந்தார்.

"எறங்கு கண்ணு. நீ ஓட்டு."

பொள்ளாச்சி ரோட்டில் ஏறியதும் அவராகவே ஆரம்பித்தார். முதல் நாள் டாக்டர் சொன்னது, தூணில் இடித்தது, லேபிளைச் சுரண்டியது, பஸ் போர்டு படிக்க முடியாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டது. உக்கடம் தாண்டியும் முடியவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேராக ஓட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். என்னைப் பார்த்து என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டார். நான் எதுவும் எழுதுவதாக இல்லை, எழுதுகிற மாதிரி நீங்கள் ஒன்றும் விலைக்கு வந்த வண்டி இல்லை என்றேன். திட்டுகிற குரலில்தான் சொன்னேன், வேறு குரல் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இவர் சொன்னார்.

"இந்த சீட்டுல உக்காந்தா நீ நல்லாத் தெரியற."

ஆமாம், இவர் இடது சீட்டில் உட்கார்ந்தால் நான் இவருக்கு வலது பக்கம்.

ஜூலை 9, புதன்

ஆஸ்பத்திரிக்கு இனி நானும் போகிறேன். போன வாரம் போனோம். மிஷினில் பொய்யாக அழுத்தக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். டாக்டர் இந்தத் தடவை ரிசல்ட் நம்புகிற மாதிரி இருக்கிறது என்றார். நல்ல ரிசல்ட் இல்லை, ஆனால் இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார். சொட்டு மருந்து பிரிட்ஜில் லேபிளோடு இருக்கிறது.

வர வர நன்றாக ஓட்டுகிறேன். போன ஞாயிறு கோவர்த்தனனைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஆழியாறு வரை போனோம். முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர், மாறி மாறி எனக்குக் கியர் சொன்னார்கள். இரண்டு பேரையும் இறக்கிவிட்டுவிடுவேன் என்று மிரட்ட வேண்டியிருந்தது.

இன்று சாயங்காலம் பேஸ்மென்ட்டில் திருப்பும்போது, அவசரத்தில் இடது மூலையைத் தூணில் தேய்த்துவிட்டேன். மாதுளை நிறத்தில் மஞ்சள் கோடு, இந்த நீளத்துக்கு. மேலே போய் ஒன்றும் சொல்லவில்லை. இவர் குப்பை போடக் கீழே இறங்கியவர், திரும்பி வந்து என்ன ஆயிற்று என்றார்.

"பார்க்கிங்ல எவனோ இடிச்சுட்டுப் போயிட்டானுங்க" என்றேன்.

என் கையைப் பிடித்து மறுபடியும் கீழே கூட்டிக்கொண்டு போனார். குனிந்து, அந்தக் கீறலை விரலால் மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். நிமிர்ந்தார்.

"தூணுங்க மேடம்" என்றார்.

நான் மறுக்கவில்லை. சட்னிக்குத் தேங்காய் இல்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. அதே வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கடைக்குப் போனோம்.